உரித்த பொட்டை எங்கே போட்டீர்கள்?

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பெயரைச் சொன்னார், எனக்குத்தான் மறந்துவிட்டது. கோபித்துக்கொள்ள வேண்டாம். கடைகளிலிருந்து திரும்பி வருகிற பவுடர் டப்பிகளின் கண்ணாடியில் ஸ்டிக்கர் பொட்டுப் பசை ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்கிறதாம், என்ன செய்வது என்று கேட்டார். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு, கொஞ்ச நேரம் ஊறல், பிறகு பழைய பனியன் துணி. அவ்வளவுதான். இதற்கெல்லாம் லேப் ரிப்போர்ட் வேண்டாம்.

போனை வைப்பதற்கு முன் அவர் இன்னொன்றும் சொன்னார். கடைகளில் டப்பி வாங்கி வைக்க இனிமேல் ஆள் வேண்டாம், ஒரு மெஷின் வைக்கப் போகிறீர்களாம். காலி டப்பியை அதன் வாயில் போட்டால் நிரப்பின டப்பி கீழே வந்து விழுமாம். "ஒவ்வொருத்தர்கிட்டயும் 'இது உங்களோடதா?'ன்னு கேட்டுக்கிட்டு நிக்கிறது டைம் வேஸ்ட் மேடம். யார் எழுதுன ரூல்னே தெரியல" என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. நான் எழுதின ரூல்தான் என்று கத்தியிருப்பேன். வாசலில் கீரைக்காரி நின்றுகொண்டிருந்ததால் தப்பித்தார். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன். வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் படியுங்கள், படித்துவிட்டு மெஷினை வையுங்கள்.

கடலூரில் குடிகாட்டை ஒட்டிய தொழிற்பேட்டையில் இருக்கிற நம் பவுடர் கம்பெனியில் நான் டப்பி வரைகிற வேலைக்குச் சேர்ந்தபோது, எல்லாம் இளஞ்சிவப்பு பிளாஸ்டிக். பவுடர் தீர்ந்தால் டப்பி குப்பைக்கு. ஒரு மழைக்காலம் முடிந்த சமயம், திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வேலைக்கு வரும் வழியில் உப்பனாற்றுப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. சும்மா வெளியே பார்த்தேன். கரைச் சேற்றில் நான் வரைந்த மூடி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. ஒன்றல்ல, கரை நெடுக. யாருக்குத் தெரியாவிட்டாலும் வரைந்தவளுக்குத் தெரியாதா?

நேராக மேனேஜரிடம் போய், "சார், நம்ம டப்பி ஆத்துல கெடக்குது" என்றேன்.

"அப்படின்னா சரக்கு நல்லா வித்திருக்குதுன்னு அர்த்தம்" என்றார். அவர் பேச்சு அப்படித்தான். அவர் பெயரை நான் எழுத மாட்டேன், எழுதினால் அவருக்குப் பிடிக்காது. சிரிக்காமல் நக்கலடிப்பார், பிறகு யாருக்கும் தெரியாமல் காரியத்தை முடித்துவிடுவார். அலுமினியத்தில் ஒரு மாதிரி செய்துகொண்டு வா என்று அன்று சாயங்காலமே என்னிடம் சொன்னவரும் அவர்தான்.

முதலில் பவுடர் அழுத்தின உள்தட்டை மட்டும் தனியாக விற்றுப் பார்த்தோம். வீட்டில் மாற்றும்போது பவுடர் உடைந்து சேலையெல்லாம் கொட்டி, எங்களைத் திட்டித் தீர்த்தார்கள். பிறகுதான் காஸ் சிலிண்டர் கணக்காக வந்தோம். காலி டப்பியைக் கடையில் கொடு, நிரப்பின டப்பியை வாங்கிக்கொண்டு போ. காலி டப்பி எங்களிடம் வரும், கழுவுவோம், புதிதாகப் பவுடர் அழுத்தி அனுப்புவோம். உங்களுக்குத் தெரிந்த கதைதான். இதில் எனக்கு இருந்த ஒரே பெருமை, எல்லா டப்பியும் ஒரே டப்பி என்பது. எந்த மூடியும் எந்த அடிக்கும் பொருந்தும். யாருடைய டப்பி யாருக்குப் போனாலும் கண்டுபிடிக்க முடியாது. கீறல் விழாத பூச்சு, பெயர் எழுத இடமில்லாத வளைவு, எல்லாம் வேண்டுமென்றே செய்தது.

பொட்டை மட்டும் நான் யோசிக்கவில்லை. நானும் தினமும் ராத்திரி முகம் கழுவும்போது நெற்றிப் பொட்டை எடுத்து எதிரே இருக்கிற கண்ணாடியில் ஒட்டுகிறவள்தான். ஆனாலும் யோசிக்கவில்லை. நம் ஊர்ப் பெண்களின் கைக்கு ஒரு கண்ணாடி கிடைத்தால் அதில் பொட்டு ஏறாமல் இருக்குமா? டப்பி மூடிக்குள்ளே இருப்பதும் கண்ணாடிதானே. திரும்பி வந்த டப்பிகளில் பாதிக்கு மேல் பொட்டு இருந்தது.

கழுவுகிற இடத்தில் ஒன்றிரண்டு தப்பிப் போயிற்று. குறிஞ்சிப்பாடியில் ஒரு அம்மா புது டப்பியைத் திறந்திருக்கிறார், கண்ணாடியில் யாருடையதோ சிவப்புப் பொட்டு. கடைக்காரர் முகத்துக்கு நேரே விட்டெறிந்துவிட்டுப் போனார். "எவளோ நெத்தில இருந்தத என் தலைல கட்டுறியா?" என்று தெருவே கேட்கும்படி கத்தினாராம். அந்தத் தெருவில் அதற்குப் பிறகு ஒரு டப்பிகூட மாறவில்லை. பிளாஸ்டிக்குக்கே போய்விடலாமா என்று மேலே பேச்சு அடிபட ஆரம்பித்தது.

அப்போது நான் ஒரு ரூல் போட்டேன். பொட்டைக் கடையிலேயே உரித்து, கண்ணாடியைத் துடைத்த பிறகுதான் மூட்டை கட்ட வேண்டும். நம்மிடம் வரும்போது கண்ணாடி பளிச்சென்று இருக்க வேண்டும். அதைத் தப்பு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அந்த ரூல் இல்லாவிட்டால் இந்த அலுமினிய டப்பியே இன்று இருக்காது.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

ஒரு நாள் காலையில் கேட்டிலிருந்து வாட்ச்மேன் கூப்பிட்டார். சிதம்பரத்திலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார், டப்பி கேட்கிறார், போகச் சொன்னாலும் போகவில்லை என்றார். ஏதோ புகார் என்று நினைத்துக்கொண்டு போனேன். வெயிலில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு துணிப்பை, நெற்றியில் பெரிய சிவப்புப் பொட்டு, கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது. பெயர் ஜெயக்கொடி என்றார்.

"எம்பொண்ணு டப்பி உங்ககிட்ட வந்துடுச்சிம்மா. அத குடுத்துடுங்க. நான் போயிடுறேன்."

உள்ளே கூட்டிக்கொண்டு வந்து தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார். மகள் பெயர் திவ்யா. படித்து முடித்து கடலூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ். அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்துதான் பவுடர் பூசிக்கொள்வாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்பும்போது மொகம் கழுவுனா. பொட்ட எடுத்து அந்த டப்பி கண்ணாடியில ஒட்டுனா. 'வந்து வெச்சிக்கிறேம்மா'ன்னா. அதான் எங்கிட்ட அவ ஒழுங்கா பேசுன கடைசிப் பேச்சு. மெரூன் கலரும்மா. சின்னப் பொட்டு."

கருமாதி முடிந்த கையோடு திவ்யாவின் துணிமணி, சாமான்களையெல்லாம் அவளுடைய அத்தை எடுத்துக் கொடுத்துவிட்டிருக்கிறார். கண்ணெதிரே இருந்தால் இவர் தேறமாட்டார் என்று நல்லதை நினைத்துத்தான். டப்பி மட்டும் அந்த அத்தைக்குச் சங்கடமாகப் போயிற்று. குப்பையில் போட மனம் வரவில்லை, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. கடைத்தெருவில் நம் கடை இருக்கிறது, அங்கே காலி டப்பி போடுகிற பெட்டி இருக்கிறது. போகிற போக்கில் அதில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஜெயக்கொடிக்கு அது தெரிந்தபோது சிதம்பரத்து மூட்டை எங்களிடம் வந்துவிட்டது.

மூட்டை வந்திருந்தது, உண்மைதான். கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்திலேயே பிரிக்காமல் கிடந்தது. நான் தொட்டியை நிறுத்தச் சொன்னேன். மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார், ஒரு ஸ்டூலை இழுத்து அந்த அம்மாவுக்குப் போட்டார். மூட்டையைப் பெரிய மேசையில் கொட்டினோம்.

ஜெயக்கொடி ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். திறப்பார், கண்ணாடியைப் பார்ப்பார், மூடி ஓரமாக வைப்பார். கண்ணாடியில் அவர் முகம்தான் தெரிந்தது. வேறு என்ன தெரியும்? எல்லாம் துடைத்துத் துடைத்து வந்தவை. எனக்கு அது மூட்டையைக் கொட்டும்போதே தெரியும். கழுவுகிற பெண்களுக்கும் தெரியும். ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். எதிரே உட்கார்ந்து ஒரு தாய் நம்பிக்கையோடு தேடிக்கொண்டிருக்கும்போது, அது இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

மேனேஜர் என்னைத் தலையசைத்து வெளியே கூப்பிட்டார். கம்ப்ரசர் சத்தத்துக்குப் பக்கத்தில் போய் நின்றோம்.

"வசந்தா, உங்கிட்ட பொட்டு அட்டை இருக்குதா?"

"இருக்குது சார்."

"மெரூன் இருக்குதா?"

இருந்தது. என் பைக்குள்ளேயே இருந்தது.

"ஒரு டப்பியில ஒட்டி கீழ வெச்சிடு. அவங்களே எடுத்துக்கட்டும். பாவம், நிம்மதியா போவட்டும்மா" என்றார். நக்கல் பேசுகிற அந்த மனுஷனின் குரல் உடைந்திருந்தது. கெட்ட எண்ணத்தில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

நான் பாத்ரூமுக்குப் போய்ப் பையைத் திறந்தேன். அட்டையை எடுத்தேன். ஒரு பொட்டை உரித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒட்டிவிட்டால் முடிந்தது. மேசையில் ஒரு சத்தம் கேட்கும், அழுவார், கும்பிடுவார், பஸ் ஏறிவிடுவார். தொட்டி ஓட ஆரம்பித்துவிடும். எனக்கு மட்டும் ஏன் கை வரவில்லை என்று கேட்டால், பெரிய கொள்கையெல்லாம் ஒன்றும் இல்லை. அந்தப் பொட்டு என் விரலில் இருந்தது. என் நெற்றிக்குப் போகவேண்டிய பொட்டு. அதை அந்த அம்மா தினமும் எடுத்துப் பார்த்து, மகளே என்று அழுவார். நினைத்தபோதே எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அட்டையையே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அம்மா, தேடாதீங்க. கண்ணாடியெல்லாம் கடையிலயே தொடச்சிட்டுத்தான் இங்க அனுப்புறாங்க. பொட்டு இதுல இருக்காது" என்றேன்.

கையில் இருந்த டப்பியைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்தார். பிறகு மேசையில் ஓங்கி ஒரு அடி. டப்பிகள் உருண்டு தரையில் விழுந்தன.

"அப்ப எதுக்குடி என்ன தேட வுட்டீங்க? எதுக்கு ஸ்டூல் போட்டீங்க? பைத்தியக்காரின்னு நெனச்சிட்டீங்களா?"

வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொள்ளத்தானே வேண்டும். அவர் தலையைக் கவிழ்த்து அழுதார். அந்த ஹால் முழுக்க அவர் குரல்தான் கேட்டது. மேனேஜர் கதவருகில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏன்டி இப்படிச் செய்தாய் என்பதுதான் அந்தப் பார்வை. எனக்கும் அதே கேள்விதான்.

அழுது ஓய்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜெயக்கொடி கேட்டார்: "சரி. உரிச்ச பொட்ட எங்க போட்டாங்க?"

எங்களில் யாருக்கும் தெரியவில்லை. உரிக்கச் சொன்ன ரூலில் அதற்குப் பிறகு என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. எவ்வளவு பெரிய ரூல் போடுகிற ஆள் நான்! குப்பை என்றுதான் நினைத்திருந்தேன், அதையும் நினைத்தேனா என்று தெரியாது. பொய்ப் பொட்டை ஒட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தால் அந்தக் கேள்வி பிறந்தே இருக்காது. உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். இழந்தவர்களிடம் உண்மையைச் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். நம்முடைய இரக்கம் அந்த வாயை அடைத்துவிடும்.

சிதம்பரம் கடையில் டப்பி வாங்கி வைக்கிற பெண் பெயர் எஸ்தர். அவளுக்குப் போன் போட்டேன்.

"எஸ்தர், டப்பியில இருக்கற பொட்டெல்லாம் உரிக்கிறியே, அத என்னா பண்ற?"

"அக்கா, திட்ட மாட்டீங்கல்ல?" என்றாள்.

"திட்டல, சொல்லு."

"ஸ்டோர் ரூம் கதவுல ஒட்டி வெச்சிருக்கேன்க்கா. எங்க வீட்ல நாங்க பொட்டு வெக்க மாட்டோம். ஆனாலும் ஒரு பொம்பள நெத்தில இருந்தத குப்பையில போட கை வரலக்கா. கடைய அசிங்கம் பண்றேன்னு நெனச்சிக்காதீங்க. எல்லாத்தையும் எடுத்துடுறேன்."

"ஒண்ணையும் தொடாத. நாங்க வர்றோம்" என்றேன்.

மேனேஜர் தன் காரை எடுத்தார். முன்னால் அவர், பின்னால் நானும் ஜெயக்கொடியும். கழுவின டப்பி ஒன்றை என் மடியில் வைத்திருந்தேன். வழி முழுக்க அந்த அம்மா எதிரே வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த ரோட்டில்தானே அவள் பவுடர் பூசிக்கொண்டு போனாள் வந்தாள்.

கடையின் பின்பக்கம், சரக்கு வைக்கிற அறைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்த பழைய மரக்கதவு. எஸ்தர் அதைச் சாத்திக் காட்டினாள். நான் என்னவோ பத்திருபது பொட்டு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். கதவின் மேல் விளிம்பிலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும் பொட்டு. சிவப்பு, கறுப்பு, கல் வைத்தது, பாம்பு மாதிரி நீளமானது, குழந்தைகளுடைய குட்டிப் பொட்டு. வரிசை வரிசையாக, நெருக்கமாக. ஒவ்வொன்றும் ஒரு பெண். என் டப்பிகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கலாம், அதைத் திறந்து பார்த்த முகங்கள் அத்தனையும் அங்கே இருந்தன.

"மேலேர்ந்து ஒட்டிக்கிட்டே வருவேன்க்கா. கீழ் வரிசைதான் கடைசியா ஒட்டுனது" என்றாள் எஸ்தர்.

ஜெயக்கொடி தரையில் உட்கார்ந்துவிட்டார். கீழ் வரிசையில் மெரூன் பொட்டுகளே நாலைந்து இருந்தன. அளவும் ஒன்று, நிறமும் ஒன்று. ஒரே அட்டையில் வருகிறவைதானே. அவர் குனிந்து ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துக்கொண்டே போனார். ஒன்றில் நின்றார். "இதும்மா" என்றார். நகத்தால் மெல்ல நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

அது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. காலையில் உண்மை உண்மை என்று குதித்தவள்தான் நான். அங்கே வாயைத் திறக்கவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்தார், நான் கதவைப் பார்த்தேன். தேடி எடுத்தது அவர், தொட்டு எடுத்தது அவர் விரல். அதில் நான் நுழைய எனக்கு ஒரு வேலையும் இல்லை.

நான் கொண்டுவந்த டப்பியைத் திறந்து கொடுத்தேன். பொட்டைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். விழுந்துவிட்டது. மறுபடி அழுத்தினார், மறுபடி விழுந்தது. நெற்றியில் ஒட்டி, கண்ணாடியில் ஒட்டி, கதவில் ஒட்டி, பசையெல்லாம் போய்விட்டிருந்தது. அந்தப் பசையை எப்படி எடுப்பது என்று நான் பட்ட பாடு கொஞ்சமா? அன்றைக்கு ஒரு பொட்டு ஒட்டுகிற அளவுக்குப் பசை இல்லை. எஸ்தர் ஓடிப்போய்த் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, ஒரு சோற்றுப் பருக்கையை விரலில் எடுத்துக்கொண்டு வந்தாள். பருக்கையை நசுக்கிப் பொட்டின் பின்னால் தடவிக் கொடுத்தாள். அது ஒட்டிக்கொண்டது.

ஜெயக்கொடி டப்பியை மூடித் துணிப்பைக்குள் வைத்தார். எங்களுக்குக் கும்பிடெல்லாம் போடவில்லை. எஸ்தரின் கன்னத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது ஒரு டீக்கடையில் மேனேஜர் காரை நிறுத்தினார். டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "நான் பொட்ட ஒட்டச் சொன்னத யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார். சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சொன்னதற்காக என்னைத் திட்டவும் அவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அவரைவிட இளகின மனசுக்காரரை அந்தத் தொழிற்பேட்டையில் நான் பார்த்ததில்லை.

அடுத்த நாளே ரூலில் ஒரு வரி சேர்த்தேன். பெட்டியை எடுத்துவிட்டு டப்பியைக் கையில்தான் வாங்க வேண்டும், வாங்கும் முன் "இது உங்களோடதா?" என்று கேட்க வேண்டும். இல்லை என்று சொன்னாலோ, சொல்லத் தயங்கினாலோ, அந்த டப்பியைத் துடைக்காமல் தனியாக எடுத்து வைக்க வேண்டும், யாராவது தேடி வருகிறார்களா என்று பார்க்க வேண்டும். வந்தார்கள். எஸ்தரே எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறாள். தயங்குகிற முகத்தை மெஷின் எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு வழி வைத்திருந்தால் சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை.

கதை அங்கே முடியவில்லை. நான் ரிட்டயர் ஆகிற சமயம், கடைகளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வரலாம் என்று சிதம்பரம் போயிருந்தேன். எஸ்தரோடு பேசிக்கொண்டிருக்கும்போது ஜெயக்கொடி உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து நின்றார். நன்றாக இளைத்திருந்தார், தலை வெளுத்திருந்தது. துணிப்பையிலிருந்து டப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

எஸ்தருக்கு ரூல் வாய்க்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. "இது உங்களோடதாம்மா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எம்பொண்ணோடது" என்றார் ஜெயக்கொடி. "கழுவிடுங்க."

நான் பதறிப்போய், "ஏம்மா? வெச்சிக்குங்களேன்" என்றேன்.

"மவன் திருப்பூருக்குக் கூப்புடுறாம்மா. வீட்ட காலி பண்ணிட்டுப் போறோம். அங்க கொண்டு போனா இத தொறந்து வெச்சிக்கிட்டு ஒக்காந்தே கெடப்பேன். மருமவ சின்னப் பொண்ணு, பயந்துக்குது. அதுவுமில்லாம திவ்யாவுக்கு இந்த ஊர வுட்டுப் போவப் பிடிக்காது. கடலூருக்குப் போயிட்டு வர்றதுக்கே பொலம்புவா." லேசாகச் சிரித்தார். "அவ பொட்டு இந்தக் கதவுலயே இருக்கட்டும். டப்பிய கழுவிட்டு யாராச்சும் ஒரு பொண்ணுக்குக் குடுங்க. பூசிக்கட்டும்."

உள்ளே போனோம். கதவு நிறைந்து, பொட்டுகள் பக்கத்துச் சுவருக்கு ஏறிவிட்டிருந்தன. ஜெயக்கொடி கீழே உட்கார்ந்து பழைய இடத்தைத் தேடினார். அன்றைக்கு எடுத்த இடத்தில் பச்சைப் பெயிண்ட் தெரிய ஒரு வட்டம் காலியாகவே இருந்தது. அதில் எஸ்தர் வேறெதையும் ஒட்டியிருக்கவில்லை. கண்ணாடியிலிருந்து பொட்டை நனைத்து எடுத்து, இன்னொரு சோற்றுப் பருக்கை வாங்கி, அந்த வட்டத்தில் ஒட்டினார். பருக்கை காய்கிற வரைக்கும் கட்டை விரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

பிறகு தன் நெற்றியிலிருந்த பெரிய சிவப்புப் பொட்டை எடுத்து அதற்குப் பக்கத்தில் ஒட்டினார். இடம் போதவில்லை, ஓரம் அவளுடைய பொட்டின் மேல் ஏறிக்கொண்டது.

"அவ தனியா இருக்க வேணாம்" என்றார்.

எஸ்தர் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். ஜெயக்கொடி அழவில்லை. வெறும் நெற்றியோடு வெளியே போய், கடைவாசலில் நின்று ஒரு அட்டைப் பொட்டு வாங்கினார். ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டார்.

அந்த டப்பியின் கண்ணாடியை நானே துடைத்தேன். அன்று மாலையே அது மூட்டையில் கடலூருக்குப் போயிற்று. கழுவி, பவுடர் அழுத்தி, ஏதோ ஒரு பெண்ணின் கைக்குப் போயிருக்கும். தீர்ந்து திரும்பி வந்திருக்கும், மறுபடியும் போயிருக்கும். இதைப் படிக்கும்போது உங்கள் மேசையில் கிடக்கிற குவியலிலும் இருக்கலாம். எது என்று உங்களால் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அப்படித்தான் நான் அதைச் செய்தேன்.